துண்டு மட்டும் தொண்டனாக்காது!

தோளில் கிடக்கும் துண்டின் விலை தமிழனுக்குத் தெரியும். சுயமரியாதை இயக்கம் தளிர்விட்ட நாட்களில், கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். மதுரை நாதசுரக் கலைஞர் சிவக்கொழுந்து வாசித்து வருகிறார். வியர்வை துடைக்கத் தோளிலே ஒரு துண்டு. பெரிய மனிதர்கள் முன்னே துண்டு அணிவதா, எடு கீழே என்றது சாதித் திமிர். எடுக்காதே என்று எழுந்து நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. துண்டு தோளிலேயே இருந்தது, திமிர்தான் தலைகுனிந்தது!

அப்படிப் பெற்ற உரிமை அது. இன்று நாம் பேசுவது வேறொரு துண்டைப் பற்றி. சாரணர் கழுத்திலே முறுக்கி அணியும் துண்டைப் பற்றி. அதுவும் சிறுவன் கழுத்துத் துண்டைப் பற்றி அல்ல. சிறுவனுக்கு முன்னால் விசிலும் கையுமாக நிற்கிறாரே பெரியவர், அவர் கழுத்துத் துண்டைப் பற்றி! தோளில் கிடக்கும் துண்டு உரிமை. பிள்ளைகளை நடத்திச் செல்பவர் கழுத்துத் துண்டோ பொறுப்பு. உரிமை பிறப்பிலேயே வருவது. கேட்டுப் பெற வேண்டியதில்லை. பொறுப்பு அப்படியல்ல, கற்றுப் பெற வேண்டும்.

கற்காமலே அணிந்தால் என்ன ஆகும்? கிருட்டினகிரி சொல்லும்.

2024 ஆகஸ்டு மாதம். கிருட்டினகிரி மாவட்டத்தில், பர்கூருக்கு அருகே ஒரு தனியார் பள்ளி. அங்கே தேசிய மாணவர் படையின் பெயரால் ஒரு முகாம். பெண் குழந்தைகள் இரவும் தங்கினார்கள். பயிற்சியாளர் என்று வந்து நின்றவன் மீது, உறங்கிக்கொண்டிருந்த சிறுமியைச் சீரழித்ததாக வழக்கு. பிறகுதான் தெரிந்தது, அந்த முகாமுக்கும் தேசிய மாணவர் படைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை! படையின் அதிகாரிகளே அதை அறிவித்தார்கள். பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. எல்லாம் நடந்தது. ஆனால் எப்போது? குழந்தை அழுத பிறகு!

நாம் கேட்கிறோம்: அந்த ஆள் வாசலில் வந்து நின்ற அன்று, ‘ஐயா, உமக்குப் பயிற்சி அளித்தது யார்? சான்று எங்கே? இரவில் பெண் குழந்தைகளோடு தங்கும் ஆசிரியை யார்?’ என்ற கேள்விகளைக் கேட்க ஒருவர் இருந்திருந்தால்? சீருடையைப் பார்த்தார்கள், சான்றைப் பார்க்கவில்லை. விறைப்பைப் பார்த்தார்கள்; விவரத்தைப் பார்க்கவில்லை. மிடுக்குக்கு மயங்கினார்கள், மகள்கள் பலியானார்கள்!

‘அது எங்கோ கிருட்டினகிரியில்’ என்று மதுரை மக்கள் இருந்துவிட முடியுமா? திருமங்கலத்திலும் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். சாரணர் என்பார்கள், செஞ்சிலுவை என்பார்கள், நாட்டு நலப்பணி என்பார்கள்; முகாம் என்றால் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். குதிக்கட்டும்! கண்டிப்பாக அனுப்புவோம். கூரை வீட்டுப் பிள்ளை கூடாரத்திலே தங்கி, நாலு ஊர்ப் பிள்ளைகளோடு கூடி உண்டு, உலகம் பார்ப்பது உயர்ந்த கல்வி. ஒரு கயவன் செய்த குற்றத்துக்காக முகாம்களையே மூடிவிட வேண்டும் என்பது மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல. நாம் கேட்பது மூடுவதற்கு அல்ல, முறைப்படுத்துவதற்கு.

முறை என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அல்ல. சாரண இயக்கம் அதை நூறாண்டுக்கு முன்னமே கண்டது. 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் இருபது சிறுவர்கள் அளவில் கூட்டிச் சோதனை முகாம் நடத்தினார் பேடன் பவல். இயக்கம் காட்டுத் தீயாய்ப் பரவியது. சிறுவர்கள் திரண்டார்கள். நடத்தும் பெரியவர்கள்? ஆர்வம் இருந்தது; அறிந்தது குறைவு. ஆகவே 1919-இல் இலண்டனுக்கு அருகே கில்வெல் பூங்காவில் பெரியவர்களுக்கென்று நிலையான பயிற்சித் தளம் எழுந்தது. அங்கே பயின்று தேறியவர் கழுத்திலே இரண்டு மரமணிகள். இன்றும் உலகெங்கும் அதுவே அடையாளம். இந்தியாவில் ‘இமாலய உட் பேட்ஜ்’ என்று வழங்குகிறது.

பேடன் பவல் வெள்ளை ஏகாதிபத்தியத்தின் படைத்தலைவர். அதை நாம் மறக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. அந்த இயக்கம் இந்தியாவில் கால் வைத்தபோது வெள்ளையர் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்குமே கதவு திறந்தது. நம் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டவர் சென்னையிலிருந்த அன்னிபெசன்ட் அம்மையார். அம்மையாரின் அரசியலை நீதிக்கட்சி எதிர்த்தது, நியாயமாகவே எதிர்த்தது. ஆனால் அடைத்த கதவைத் தட்டியவர் அவர் என்பதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. பின்னர் 1950 நவம்பர் 7-ஆம் நாள், பிரிந்து கிடந்த சங்கங்கள் இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயிற்று.

அந்த இயக்கத்தில் பிள்ளைகளை நடத்த வரும் பெரியவருக்குப் படிப்படியாகப் பயிற்சி உண்டு. அடிப்படைப் பயிற்சி ஒன்று. அதன்பின் முதுநிலைப் பயிற்சி. அதற்கும் மேலே இமாலய உட் பேட்ஜ். பயிற்றுநர்களுக்கே தனிப் பயிற்சி. ஏறத்தாழ ஒருவார காலம் முகாமிலேயே தங்கிக் கற்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற விவகாரம் அல்ல!

அங்கே என்ன நடக்கிறது? முதலில் பட்டமும் பதவியும் கழன்று விழுகின்றன. தலைமையாசிரியர், எழுத்தர், பட்டதாரி, பழுத்த அனுபவசாலி எல்லோரும் சிறுவர்களாகிவிட வேண்டும். அணி அணியாகப் பிரிப்பார்கள். ஓர் அணி தண்ணீர் சுமக்கும்; ஓர் அணி சமைக்கும்; ஓர் அணி கழிப்பிடம் துப்புரவு செய்யும்; மறுநாள் வேலை மாறும். நேற்றுவரை பிறரை ஏவியவர் இன்று ஏனம் கழுவுவார். கூடாரம் அடிக்க வேண்டும், முடிச்சுப் போட வேண்டும், முதலுதவி கற்க வேண்டும், வரைபடம் பார்த்து வழி நடக்க வேண்டும், இரவிலே தீயைச் சுற்றி அமர்ந்து கூச்சம் விட்டுப் பாட வேண்டும். எதற்காக? குளிரில் நடுங்கும் சிறுவன் என்ன நினைப்பான், குழம்பு கரிந்தால் எப்படிக் கூசுவான், கூட்டத்தில் ஒதுக்கப்பட்ட பிள்ளை எப்படிக் குமுறும் என்பதைப் புத்தகத்தில் படித்து அறிய முடியாது. பட்டு அறிய வேண்டும். சிறுவனாக வாழத் தெரியாதவர் சிறுவர்க்குத் தலைவராக முடியாது. பயிற்சியின் உயிர்நிலை இதுதான்.

ஒரே சட்டியில் சமைத்து, ஒரே வரிசையில் அமர்ந்து, ஒருவர் எச்சிலிலையை மற்றவர் எடுக்கும் இடம் எதுவானாலும் அது நமக்கு உடன்பாடான இடம். ஏன் தெரியுமா? இப்படி ஒரு பயிற்சி இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதைத் தமிழகம் ஒருமுறை கண்டிருக்கிறது.

சேரன்மாதேவி! வ.வே.சு. அய்யர் அங்கே தமிழ்க் குருகுலம் நடத்தினார். அவரை நாட்டுப்பற்று அற்றவர் என்று எவரும் சொல்ல முடியாது. வெள்ளையனை எதிர்த்தவர், கற்றவர், உடற்பயிற்சியும் ஒழுக்கமும் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று உழைத்தவர். அவர் நடத்திய குருகுலத்தில்தான் பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி! 1924, 25-ஆம் ஆண்டுகளில் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கொதித்தெழுந்தார்கள். பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கான காரணங்களிலே ஒன்றாகவும் அது ஆயிற்று. தோழர்களே, கவனியுங்கள்: அங்கே இல்லாமற்போனது தியாகமா? இல்லை. அறிவா? இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றே என்று ஒரு பெரியவர் தன்னைத் தானே பழக்கிக்கொள்ளும் பழக்கம், அதுதான் இல்லாமற்போனது. நல்லவராக இருப்பது ஒன்று. பிள்ளைகளை நடத்தத் தகுதி பெற்றவராக இருப்பது வேறொன்று. நல்ல மனம் ஒன்றே போதும் என்பவர்களுக்குச் சேரன்மாதேவி சொல்லும் பாடம் இது.

இன்னும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா? சோழவந்தான் வயல்வெளிப் பக்கம் ஒரு முகாம் என்று வையுங்கள். அந்திப் பொழுதில் ஒரு சிறுவனைப் பாம்பு தீண்டிவிட்டது. கூட வந்த பெரியவருக்குப் பிள்ளை மீது கொள்ளைப் பிரியம். பதறுகிறார், கயிற்றை எடுத்துக் காலை இறுகக் கட்டுகிறார், பிளேடால் கீறுகிறார், வாயால் உறிஞ்சத் துணிகிறார். அத்தனையும் தவறு! கட்டு இறுகினால் கால் கெடும். கீறினால் இரத்தம் பெருகும். செய்ய வேண்டியது என்ன? பயத்தைப் போக்கி, பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு விரைவது. அரை மணி நேரத்தில் கற்றுவிடக்கூடிய செய்தி. கற்றவர் கையில் உயிர் பிழைக்கும். கல்லாதவர் கையில் அன்பே எமனாகும்! கண்மாயில் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் இதுவே. சித்திரை வெயிலில் சுருண்டு விழும் பிள்ளைக்கும் இதுவே.

நம் இயக்கத்துக்கும் இது அன்னியமான செய்தி அல்ல. 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்து உறையூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டதே தமிழர் பெரும்படை, நினைவிருக்கிறதா? ஆகஸ்டு 1-ஆம் நாள் கிளம்பியது; செப்டம்பர் 11-ஆம் நாள் சென்னை சேர்ந்தது. 42 நாள் நடை! ஏறத்தாழ நூறு தொண்டர்கள். வெயிலும் மழையும், வசையும் வரவேற்பும் கலந்த வழி. அத்தனை நாளும் அணி கலையாமல் நடந்ததென்றால், வெறும் ஆவேசத்தால் நடந்ததா? முன்னே நின்றவர்களில் ஒருவர் பட்டுக்கோட்டை அழகிரி; முதல் உலகப்போரில் மெசபடோமியாவரை சென்று வந்த படைவீரர். உடன் நடந்து, உணவுக்கும் உறுதிக்கும் துணைநின்றவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். துண்டைக் காத்த அழகிரிக்குத் தொண்டரை நடத்தவும் தெரிந்திருந்தது. உணர்ச்சி ஊட்டியது மேடை. ஊர்வலத்தை நடத்தியது பயிற்சி.

அண்ணா தந்த மூன்று சொற்களை நாம் சுவரெல்லாம் எழுதுகிறோம்: கடமை, கண்ணியம், கட்டுப்பாடு. மூன்றாவது சொல்லைச் சுவரிலிருந்து உடம்புக்குக் கொண்டுவருவது எது? பயிற்சியன்றி வேறென்ன? 1980 ஜூலை 20-இல் இதே மதுரையில், ஜான்சி ராணி பூங்காவில்தான் கழகத்தின் இளைஞர் அணி பிறந்தது. இளைஞரை அணியாக்கிய ஊர் மதுரை. அந்த ஊர், இளைஞரை நடத்தும் பெரியவர்களையும் ஆயத்தம் செய்ய வேண்டாமா?

பயிற்சி பெற்ற பெரியவர்கள் இருந்தால் என்ன பயன் என்பதற்கு அரசியல் சான்றும் உண்டு. 2017 செப்டம்பரில் தமிழ்நாடு சாரண சாரணியர் இயக்கத் தலைவர் பதவிக்குத் தேர்தல். பா.ஜ.க.வின் எச். ராஜா களத்திலே குதித்தார். நாடே திரும்பிப் பார்த்தது. வாக்களித்தவர்கள் அந்த இயக்கத்தினர். கிடைத்தவை 52 வாக்குகள்! எதிர்த்து நின்ற பி. மணி பெற்றவை 232. ஆரவாரமில்லை, ஆர்ப்பாட்டமில்லை, அமைதியாக ஒரு பதில். எந்தச் சங்கத்திலும் வேரூன்றி உழைத்தவர்கள் நிறைந்திருந்தால், மேலேயிருந்து எவரையும் இறக்கி வைக்க முடியாது. வேர் இல்லாத இடத்தில்தான் ஒட்டுச்செடி தழைக்கும்.

இனிவரும் வேலை இதைவிடப் பெரிது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? உடன் படித்தவர்களே வீடு புகுந்து, பட்டியலினத்து மாணவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளிப் பிள்ளை கையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அரிவாள்! அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்றது. இன்னொன்றும் சொன்னது: எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படை ஒன்று வேண்டும், அதற்குச் சீருடையும் பயிற்சியும் வேண்டும் என்றது.

அருமையான கருத்து! வரவேற்கிறோம். ஆனால் அந்தப் படையை நடத்தப் போகிறவர் யார்? தன் மணிக்கட்டுக் கயிற்றைத் தானே அவிழ்க்காதவரா? பிள்ளையின் ஊர்ப் பெயரைக் கேட்டே அதன் தெருவைக் கணிக்கிறவரா? அப்படிப்பட்டவரிடம் அந்தப் படையைத் தந்தால் சமூகநீதி சட்டையில் இருக்கும்; சாதி சட்டைக்குள்ளே இருக்கும்! மதுரை மாவட்டத்துத் தெருக்களையும் கண்மாய்க் கரைகளையும் அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்குப் படை அமைக்குமுன், அந்தப் படைக்கு வரும் பெரியவர்களை ஒரு பந்தியில் உட்காரவைத்துப் பழக்க வேண்டும்.

‘இதெல்லாம் வாத்தியார்கள் வேலை, ஆலைத் தொழிலாளிக்கும் சுமை தூக்குபவருக்கும் என்ன?’ என்று கேட்பீர்கள். நிரம்ப உண்டு! சாரணர் புத்தகத்தில் ‘ஷீட் பெண்ட்’ என்றொரு முடிச்சு. பயிற்சி முகாமில் படித்தவர்கள் அதைப் போடத் தடுமாறுவார்கள். அது வேறொன்றுமல்ல, அறுந்த நூலை இணைக்க நெசவாளி போடும் முடிச்சு! ஹார்வி ஆலை நாளிலிருந்து மதுரைத் தொழிலாளியின் விரல் அறிந்த வித்தை. நாடெங்கும் இரயில்வேக்கெனச் சாரண அமைப்பு உண்டு. தென்னக இரயில்வேயின் மதுரைக் கோட்டத்திலும் உண்டு. இரயில்வே ஊழியர்களே அங்கே பிள்ளைகளை நடத்துகிறார்கள். பள்ளிக்கு வெளியே குழு அமைக்கவும் இயக்கத்தில் இடமிருக்கிறது. ‘இல்லம் தேடிக் கல்வி’யை எண்ணிப் பாருங்கள். 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம். ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். வந்தவர்களை அப்படியே அனுப்பவில்லை. பயிற்சி தந்து அனுப்பினார்கள். தெருவிலே இருந்த தங்கைதான் அந்தத் தெருவுக்கு ஆசிரியையானாள்.

தடை எது என்பதும் நமக்குத் தெரியும். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வாரப் பயிற்சி என்றால் ஒரு வார விடுப்பு. அன்றாடம் உழைத்து உண்பவருக்கோ ஒரு வாரப் பட்டினி! அதனால்தான் பிள்ளைகளை நடத்தும் இடங்களில் உழைப்பாளி முகம் அரிதாக இருக்கிறது. தொண்டு செய்யும் வாய்ப்பும் வசதியுள்ளவருக்கே சொந்தமா? இந்த அநீதியைத் தீர்க்க நாம் சொல்லும் வழி நேரானது. மதுரையின் ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளையும் ஆண்டுக்கு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தேர்ந்தெடுக்கட்டும். அந்த ஒரு வாரக் கூலியைச் சங்க நிதி கொடுக்கட்டும். முதலாளிமார் அந்த நாட்களை வேலை நாட்களாகக் கணக்கிடட்டும். கணக்கிட மறுத்தால் அதையும் ஒரு கோரிக்கையாக வைப்போம். ஒரு பொதுக்கூட்டப் பந்தலின் செலவில் எத்தனை பேரைப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று கிளைச் செயலாளர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்!

அரசுக்கும் கடமை உண்டு. 2025 சனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் சாரணர் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. பல மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடிய அந்த விழாவில், தமிழ்நாட்டுச் சாரண இயக்கத்துக்குத் தலைமை அலுவலகமும் பயிற்சி வசதியும் அமைக்க 10 கோடி ரூபாய் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மகிழ்ந்தோம். மகிழ்ச்சியோடு நிற்கவில்லை, கேட்கவும் செய்கிறோம். பயிற்சி என்பது தலைநகரத்துச் சொத்தாகிவிடக் கூடாது. மேலூர்க்காரரும் உசிலம்பட்டிக்காரரும் பேருந்தில் போய்வரும் தொலைவில் பயிற்சி இடம் வேண்டும். பயிற்சி பெற்றவர் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் தொங்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர் கையில் பிள்ளையை ஒப்படைக்கும் பள்ளி எதுவாயினும், தனியாராயினும் அரசாயினும், பதில் சொல்லியாக வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். முகாமுக்குப் பணம் கேட்டு வரும் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் நாலு கேள்வி கேளுங்கள். எந்த அமைப்பின் முகாம்? நடத்துபவர் எங்கே பயின்றார், சான்று காட்டுவாரா? பெண் பிள்ளைகளோடு இரவில் தங்கும் பெண் தலைவர் யார்? ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருக்க நேராதபடி என்ன ஏற்பாடு? இவற்றைக் கேட்டால் நல்ல சாரண ஆசிரியர் கோபிக்கமாட்டார், மகிழ்வார். கோபிப்பவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஐயம் வந்தால் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது. படிக்காத தாய் கேட்டாலும் கேள்வி கேள்விதான்; கூலிக்காரத் தகப்பன் கேட்டாலும் பதில் சொல்லத்தான் வேண்டும். கேள்வி கேட்கக் கற்றுத்தந்த இயக்கம் நம்முடையது. சாமியையும் சாத்திரத்தையும் கேட்ட நாம், சீருடையைக் கண்டு வாயடைத்து நிற்பதா?

தோழர்களே! பிள்ளைகளுக்கு மாலை போட ஆள் கிடைக்கும். மேடையில் தட்டிக்கொடுக்க ஆள் கிடைக்கும். புகைப்படத்துக்கு நிற்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஒருவாரம் முகாமில் தரையில் படுத்து, தண்ணீர் சுமந்து, ஏனம் கழுவி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்பிக் கற்றுக்கொண்டு வர எத்தனை பேர்? அந்த எண்ணிக்கைதான் நாளைய மதுரையின் பலம். கை தூக்குகிறவர்கள் தூக்குங்கள். கிளைக் கூட்டத்தில் பெயர் கொடுங்கள். போய்க் கற்று வாருங்கள். வந்து துண்டை அணியுங்கள். அதன்பின் ஊதுங்கள் விசிலை; நம் பிள்ளைகள் நம்பி நடப்பார்கள்!